துளைக்குள் பச்சை

காலை ஏழு மணிக்கு லுவான் கொட்டகையைத் திறந்தாள். முந்தின நாள் மாலை அவள் பாழாக்கிய துளையைக் காணவில்லை.

விஸ்கான்சினில் ஒரு சிறிய விமானத் திடல். பள்ளிப் பேருந்து ஓட்டும் லுவான், தன் கையாலேயே ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தாள். நேற்று, இறக்கையில் மாட்டவேண்டிய கடைசித் தகட்டில் டிரில் வழுக்கியது. துளை 8 வடிவமாகி ஓரத்தைத் தொட்டுவிட்டது. பெரிய ரிவெட் ஆணி போட்டாலும் தேறாது. புதுத் தகடு வர வாரக்கணக்காகும். வாய்விட்டு அழுதுவிட்டு வீட்டுக்குப் போனாள். இன்று அதே இடத்தில் அழகான வட்டத் துளை!

சந்தோஷப்படவா முடியும்? யாராவது பசையால் அடைத்து, அவள் தகடுகளுக்கு அடிக்கும் பச்சை பெயின்டை மேலே பூசியிருந்தால், வானத்தில் இறக்கை கழன்றுவிடும். மதியம், பறக்க அனுமதி தரும் பரிசோதகர் வேறு வருகிறார். 

திடலில் கேன்டீன் நடத்தும் டெல்ஃபினைக் கூப்பிட்டாள். அந்தம்மாள் முன்பு போலீசில் துப்பறிந்தவள். அவளுக்கு முதல் சந்தேகம் லுவானின் கணவர் வெர்ன் மேல். மனைவி அழுதால் தாங்கமாட்டார்.

"நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க?"

"வீட்லதான். சூப் வெச்சுக் கொடுத்தேன், வேணாம்னுட்டா."

பக்கத்துக் கொட்டகை ரோஸ்கோ எட்டிப் பார்த்தார். அவரும் அதே ரக விமானம் கட்டுகிறார். முதலில் பறப்பது யார் என்று பந்தயம். தோற்றவர் மற்றவரின் விமானத்தைக் கழுவவேண்டும். பெயின்ட் என்றாலே வீண் பாரம் என்பார்.

"இவ்ளோ பச்சை பூசினா பறக்காதும்மா, உருளும்" என்று வழக்கம்போல் சீண்டினார்.

டெல்ஃபின் ஊசியால் தகட்டைக் கீறினாள். அடியில் அசல் அலுமினியம்தான், பசை இல்லை. அப்படியானால் தகடே வேறு. டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தாள்.

"லுவான், நீ எப்ப பெயின்ட் அடிப்ப?"

"முதல்லயே அடிச்சுருவேன். அப்புறம்தான் துளை."

"அதான் மத்த தகட்டுத் துளையெல்லாம் உள்ள வெள்ளியா மின்னுது. இந்தத் தகட்டுல மட்டும் உள்ளயும் பச்சை. துளை போட்டப்புறம் அடிச்சிருக்காங்க. பெயின்ட் படாத தகடு இந்தத் திடல்ல ஒரே ஒருத்தர்கிட்டதான் இருக்கு."

நேரே பக்கத்துக் கொட்டகைக்குப் போய், ரோஸ்கோவின் இறக்கை மேலிருந்த துணியை விலக்கினாள். அந்தத் தகடு இருக்கவேண்டிய இடம் காலி. 8 வடிவத் துளை விழுந்த லுவானின் பச்சைத் தகடு அவர் மேசைமேல் கிடந்தது.

ரோஸ்கோ காதைச் சொறிந்தார். "சுவரு மெல்லிசு. அழுத சத்தம் கேட்டுச்சு. இப்படி ஜெயிச்சு நான் என்ன பண்ண?"

லுவான் அருகே ஓடினாள். அவரை இறுகக் கட்டிக்கொண்டாள்.

மதியம் பரிசோதகர் ஒவ்வொரு துளையாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே அவள் பறந்தாள். திடலைச் சுற்றி வந்து பூப்போல இறங்கியபோது, வெர்ன் தொப்பியை வீசிக் கத்தினார். ஓடுபாதை ஓரத்தில் வாளியும் பஞ்சுமாக ரோஸ்கோ நின்றார்.

"நல்லாத் தேயுங்க ரோஸ்கோ" என்றாள் லுவான். "நீங்க அடிச்ச பச்சை மட்டும் போயிடாம பாத்துக்கங்க."