ராம்செஸ் தலை அச்சு

கொலு பொம்மையில் செட்டியார் பல் தெரியச் சிரிக்க வேண்டியவர். அன்று பாஞ்சாலை அச்சைப் பிரித்தபோது அவர் உதட்டை மூடிக்கொண்டு, காலடியில் கிடப்பவர்களைப் பார்ப்பது போல லேசாகச் சிரித்தார். அது யாருடைய சிரிப்பு என்று அவளுக்குத் தெரியும். சுவரோரம் காய்ந்துகொண்டிருந்த எகிப்து ராஜாவுடையது.

புதுச்சேரி ஓட்டல் ஒன்றுக்காக அவன் தலையை வார்க்கும் வேலை விருத்தாசலத்தில் அவர்களுடைய பொம்மைப் பட்டறைக்கு வந்திருந்தது.

"பேரு ராம்செஸாம். அறுவது வருசத்துக்கு மேல ஆண்டானாம். முன்ன இருந்த ராஜாங்க சிலையில அவங்க பேர வெட்டி எடுத்துட்டு, தன் பேரப் போட்டுக்கிட்டானாம்" என்றான் புருஷன் மாயவன்.

"தூ! ஊரான் வூட்டு வாசல்ல தன் பேர எழுதிக்கிற பய. இவனுக்குப் பொம்மை ஒண்ணுதான் கேடு."

அந்த ராஜா தலையைக் கண்டாலே பாஞ்சாலைக்கு இளக்காரம். சேற்றுக் கையை அவன் மூக்கில்தான் துடைப்பாள்.

ராஜாவின் அச்சில் ஊற்றிய மண்கூழ் ஓரமாக உறைந்ததும், மிச்சத்தை வாளியில் கவிழ்த்து அடுத்த அச்சில் ஊற்றுவார்கள். எல்லாப் பட்டறையிலும் அதுதான் வழக்கம். செட்டியாருக்குப் பிறகு கிருஷ்ணன் அந்த முகத்தோடு வந்தான். பிறகு மாதா.

"அச்சு தேஞ்சிருக்கும்டி. போயிட்டு வரேன்" என்று மாயவன் பெண்ணாடத்துக்குத் துக்கம் கேட்கப் போய்விட்டான்.

பொழுது சாய்ந்ததும் கரண்டு போனது. ஈர மண் வாசனைக்கு அடியில் பழைய பிசின் புகைவது போல இன்னொரு வாசனை எழுந்தது. அலமாரியில் காய்கிற பொம்மைகள் ஒவ்வொன்றாக டிக், டிக்கென்று சொடுக்கின. மெழுகுவத்தியைத் தூக்கிப் பார்த்தால் மேல்தட்டு முதல் கீழ்த்தட்டு வரை ஒரே சிரிப்பு. மாயவனின் செல்லுக்குப் போட்டாள். எடுக்கவில்லை.

பயந்தது போதும் என்று ஆத்திரம் வந்தது. சுத்தியலை எடுத்து ராஜாவின் அச்சை நொறுக்கினாள்.

"செத்தும் அடங்காத நாயே. இப்ப எங்கடா போவ?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. கை தானாக வயிற்றுக்குப் போனது.

இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாக நின்ற கரு. ஏழாம் மாதம். மசக்கை தொடங்கிய நாளிலிருந்து மண்மேல் ஆசை. பொம்மையைச் சீவும்போது விழும் துணுக்குகளை மாயவனுக்குத் தெரியாமல் தின்றுகொண்டிருந்தாள். ராஜாவைச் சீவிய துணுக்குகள்தான் அதிக ருசி.

வயிறு அசைந்தது. உதை இல்லை. உள்ளே எதுவோ தோலோடு ஒட்டி, மெதுவாக இறுகியது.

புடவையை விலக்கினாள். மெழுகுவத்தியைக் கிட்டே பிடித்தாள்.

தொப்புளுக்கு மேலே ஒரு மேடு. மூக்கு. கீழே தாடை. நடுவில் உதடு, மூடியபடி.

"வேணாம்… இது எம்புள்ள… சாமி, வேணாங்க…"

நாய் என்றவனை அவள் 'ங்க' போட்டுக் கெஞ்சினாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த உதட்டின் இரண்டு ஓரங்களும் தோலுக்கு அடியில் மெல்ல மேலே ஏறின.