மண் சுவரும் ஐப்பசி மழையும்

மழை சொல்லிக்கொண்டா வருகிறது...?

சங்கரன்கோவிலில் கோமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் கோயில் பிரசாதமான புற்றுமண்ணோடு ராஜபாளையம் ரோட்டில் நடந்துகொண்டிருந்த கோமதித்தாய், கன்னத்தில் முதல் துளி விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது. எண்பத்துமூன்றாம் வருஷத்து ஐப்பசி. கையில் குடை இல்லை. வேப்பமரங்களுக்கு நடுவே புதிதாக ஒரு வீடு எழும்பியிருந்தது. இன்னும் கதவு வைக்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.

உள்ளே ஒருவன் மழையைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவன், அப்படியே நின்றுவிட்டான். நனைந்த இமைகளுக்குக் கீழே அவ்வளவு பெரிய கண்கள்... அவளும் பார்த்தாள். பார்வையை உடனே தரைக்கு மாற்றிக்கொண்டாள். யூனியன் ஆபீஸ் டைப்பிஸ்ட் அவள். ஆண்களோடு பேசிப் பழகியவள்தான். ஆனாலும் என்னவோ, இவன் முன்னால் முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"உள்ள தள்ளி நில்லுங்க... சாரல் அடிக்கும்" என்றான்.

தள்ளி நின்றாள். சுவரில் முதுகு பட்டதும் இதமாக இருந்தது. பேசாமல் நிற்பது கூச்சமாக இருக்கவே, யாருடைய வீடு என்று கேட்டுவைத்தாள். அவ்வளவுதான்... பெற்ற பிள்ளையைப் பற்றிக் கேட்டதுபோல் அவனுக்கு வாய் நிற்கவில்லை. தன் பேர் சண்முகையா, தான்தான் இந்த வீட்டைக் கட்டும் இன்ஜினீயர் என்றான். அரசு ஊழியர் சங்கத்துக்கு எட்டு வீடுகள். முன்மாதிரியாகக் கட்டும் இந்த முதல் வீடு அவனுக்கு. ஒரு வேம்பைக்கூட வெட்டாமல், நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து வீட்டுக்கு இடம் குறித்திருக்கிறான். கூரைத் தண்ணீர் ஒரு சொட்டும் வீணாகாமல் தொட்டிக்குப் போகும். சூளை போட்டால் எத்தனை மரத்தை எரிக்க வேண்டும்... அதனால் செங்கல் கிடையாது. செம்மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து, மிஷினில் அழுத்தி, நிழலில் காயவைத்த கல்.

சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"அப்போ... இது மண் செவரா?"

"ஆமா. நீங்க சாஞ்சு நிக்கது நம்ம ஊருச் செம்மண்ணு."

தணலைத் தொட்டவள்போல் விலகினாள். வாசலைப் பார்த்து நடந்தாள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வீட்டை யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னாலே தாங்காதவன் அவன்.

"நெத்தியில மண்ணப் பூசிக்கிட்டு, மண் செவரப் பாத்து இப்பிடிப் பயப்படுதியளே..."

கேலியாகத்தான் சொன்னான். அவள் திரும்பினாள். அந்தக் கண்களில் கோபம் இருந்திருந்தால் பொறுத்திருப்பான். கண்ணீர் இருந்தது. கொட்டுகிற மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில், அங்கே மண் சுமக்கும் வள்ளித்தாய் சொல்லித்தான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. முந்தின நாள் எதிரே இருந்த டீக்கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்தவள், கோமதித்தாய் அழுதுகொண்டே போனதைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண்கள் இருவருக்கும் பனவடலிசத்திரம்தான் சொந்த ஊர். நாலு வருஷத்துக்கு முன், இதே ஐப்பசியில், கோமதித்தாயின் வீட்டு மண் சுவர் இடிந்து விழுந்தது. அம்மா மட்டும் வீட்டில் இருந்தாள். மகளும் அப்பா ஆவுடையப்பனும் சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தார்கள். மழை விடட்டும், போகலாம் என்று பஸ் ஸ்டாண்டிலேயே ஒதுங்கி நின்றுவிட்டார்கள். விட்டபின் போனபோது அம்மா இல்லை.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? சண்முகையா அன்று சோற்றில் கைவைக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் பனவடலிசத்திரம் போய், இடிந்து புல் முளைத்துக் கிடந்த அந்த வீட்டு மண்மேட்டின் பக்கத்தில் வெகுநேரம் நின்றான். அங்கிருந்து நேராக யூனியன் ஆபீஸ் வாசலுக்கு வந்து, அவள் வெளியே வரும்வரை காத்திருந்தான்.

"தெரியாம பேசிட்டேன். மன்னிச்சிருங்க. ஒங்க ஊருக்குப் போயி அந்த எடத்தப் பாத்துட்டுத்தான் வாரேன்" என்றான்.

அவள் தலை குனிந்தே நின்றாள். போய்விடுவாள் என்று நினைத்தான். போகவில்லை.

"எங்கம்மா மேல அந்தச் செவரு ஏன் விழுந்துச்சு? நீங்க படிச்சவிய... சொல்லுங்க."

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். வீட்டை ஒட்டித் தோண்டிய வாய்க்கால் அடைத்துக் கிடக்கிறது. தெருத் தண்ணீர் முழுவதும் சுவரின் காலடியில் தேங்கியிருக்கிறது. சுவரை மறைக்கும் அளவுக்குக் கூரையும் முன்னால் நீளவில்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். "அடியில தண்ணி நின்னா கருங்கல்லும் சாயும்ங்க. மண்ணு என்ன செய்யும்..."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாலு வருஷமாக யாரும் அவளிடம் காரணம் சொல்லவில்லை. எல்லாரும் விதி என்றுதான் சொன்னார்கள்.

அதற்குப்பின் சாயங்காலங்களில் அவள் அந்தப் பக்கமாக வந்தாள். வேம்படியோடு நின்றுகொள்வாள். உள்ளே மட்டும் வரமாட்டாள். அவனும் வற்புறுத்தவில்லை. கதவு வைத்ததை, தொட்டி கட்டியதை எல்லாம் வெளியே நின்றே கேட்டுக்கொள்வாள். "ஒங்க வீட்டுக்குத் திருஷ்டி மை வைக்கலையா" என்று ஒருநாள் அவள் கேட்க, "மை வச்ச கண்ணுக்காரவிய வாசலோட நிக்காங்களே..." என்று அவன் சொல்ல, அவள் சிரித்ததை அவன் அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தான்.

இளையரசனேந்தலிலிருந்து அவன் அண்ணன் பெத்துராஜ் வந்து முறையாகப் பெண் கேட்டான். அந்த வீட்டில்தான் தம்பி குடியிருக்கப்போகிறான் என்பதையும் மறைக்காமல் சொன்னான். ஆவுடையப்பன் வெற்றிலைத் தட்டைத் தொடவில்லை.

"பையன் தங்கந்தான் தம்பி. ஆனா எம் பொண்டாட்டிய முழுங்குன மண்ணுக்கு மவளையும் குடுக்க என்னால ஆகாது."

சூடு கண்ட பூனை அடுப்பண்டை சேராது. அவரைக் குற்றம் சொல்ல யாருக்கு மனசு வரும்? கோமதித்தாயும் அப்பாவிடம் வாதாடவில்லை. ராத்திரியில் கண்ணை மூடினால் அந்த மண்மேடும் தெரிந்தது, அவன் முகமும் தெரிந்தது. எதை விலக்கிவிட்டு எதைப் பார்ப்பது...?

சண்முகையாவுக்கு வீம்பு. கட்டிலும் ஸ்டவ்வும் எடுத்துக்கொண்டு, தன்னந்தனியாக அந்த முன்மாதிரி வீட்டுக்கே குடிபோய்விட்டான். மழைக்காலம் முழுதும் இதற்குள் இருந்து காட்டுகிறேன், அப்புறம் பேசட்டும் என்று இருந்தான்.

கார்த்திகையில் புயல் மழை பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் வெளிச்சம் இல்லை. மத்தியானம் ஆகியும் மழை விடவில்லை. சங்கரன்கோவிலில் அப்பாவோடு குடியிருந்த வாடகை வீட்டு ஜன்னலில் நின்று கோமதித்தாய் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அங்கே தனியாக... மண் சுவருக்குள் தனியாக...

"அப்பா, அவிய ஒத்தையில இருக்காங்க."

"மழ விடட்டும்மா. போய்ப் பாக்கலாம்."

"அன்னைக்கும் இதத்தானப்பா சொன்னோம்."

ஆவுடையப்பன் எழுந்தார். அவர் குடையைத் தேடி எடுப்பதற்குள் அவள் தெருவில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்று அவள் கத்திய கத்தல் மழையையும் மீறிக் கேட்டது. "வெளிய வந்திருங்க... வந்திருங்க..."

கதவைத் திறந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். செருப்புக்கூடப் போடாமல் மழைக்குள் இறங்கி, அவள் முன்னால் வந்து நின்றான். அவ்வளவு நாள் வீம்பும் அந்த ஒரு எட்டில் கரைந்துபோனது.

"வந்துட்டேன். அழாதிய. ஒங்களுக்குப் பயம்னா இந்த வீடு வேண்டாம். சிமெண்ட்லயே கட்டுவோம். எனக்குச் செவரா முக்கியம்... நீங்கதான் வேணும், கோமதி."

முதல்முறையாகப் பேர் சொல்லிவிட்டான். அவளுக்கு அழுகை நிற்கவில்லை. அழுகையினூடே வீட்டைப் பார்த்தாள். சுவரைத் தாண்டி நீண்ட கூரை இறவாரத்திலிருந்து தண்ணீர் தள்ளிப் போய் விழுந்தது. சுவரின் காலடியில் ஒரு சொட்டும் தேங்கவில்லை. கல்பாவிய ஓடையில் ஓடித் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா வீட்டுக்கும் இப்படி ஒருவர் யோசித்திருந்தால்...

அவனைக் கடந்து நடந்தாள். படி ஏறினாள். உள்ளே போய், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, மெல்ல முதுகைச் சுவரில் சாய்த்தாள். சுவர் அன்றுபோலவே இதமாக இருந்தது.

"வேற வீடு வேண்டாம்" என்றாள். "எனக்கு நீங்களும் வேணும், இந்த வீடும் வேணும். ஒண்ணே ஒண்ணு கேக்கேன்... மழ பெய்யும்போது மட்டும் என்னைய ஒத்தையில விட்டுட்டுப் போயிராதிய."

சொட்டச் சொட்ட உள்ளே வந்து, அவள் பக்கத்தில் அதே சுவரில் சாய்ந்து நின்றான்.

வாசலில் மூச்சிரைக்க வந்து நின்ற ஆவுடையப்பன் இருவரையும் பார்த்தார். மழை விடுகிற மாதிரி இல்லை. குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அவரும் உள்ளே வந்தார்.