கறுப்பு யூவனின் வழிவந்தவர்கள்

தொலைபேசியில் மூன்றாவதாக ஒரு குரல் இருந்தது.

மார்சலிக்கு அது முதலில் உறைக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், கனடாவின் கேப் பிரெட்டன் தீவிலிருந்து, டூகல் மக்டோர்லன் என்ற பெரியவர் தன் வம்சத்தைப் பழைய முறையில், தகப்பன் பெயர் மேல் தகப்பன் பெயராக ஏறிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் மூச்சு வாங்கினார்.

"டூகல், ஆங்கஸ் மகன். ஆங்கஸ், மர்டோ மகன். மர்டோ, லாக்லன் மகன். லாக்லன், ஆர்ச்சி மகன். ஆர்ச்சி..." அங்கே நின்றுவிட்டார். "அதுக்கு மேல எங்கப்பாவுக்கே தெரியாது."

"கறுப்பு யூவன் மகன்," என்றது அந்தக் குரல்.

பெண் குரல். வயதான குரல். பாடத்தை மறந்த பிள்ளைக்கு எடுத்துக்கொடுப்பது போலப் பொறுமையாக இருந்தது.

"அடேயப்பா, தயாரா வச்சிருந்தீங்களா தங்கச்சி?" என்று டூகல் சிரித்தார். "நான் வருஷக்கணக்கா தேடிக்கிட்டிருக்கேன்."

நான் சொல்லவில்லை என்பது மார்சலியின் நாக்கு நுனிவரை வந்தது. "உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"நானும் பூனையும்தான். பூனைக்கு எங்க வம்சத்துல அவ்வளவு அக்கறை கிடையாது."

ரிசீவரை ஓங்கி வைத்தாள். பயத்தில் இல்லை. அந்தப் பெயரை அவள் இத்தனை காலமாகத் தேடிக்கொண்டிருந்தாள். கிடைத்துவிட்ட கோபத்தில்.

மக்டோர்லன் குலச் சங்கத்துக்கு வம்சம் தேடித் தருவதுதான் அவள் வேலை. கோடை வந்தால் கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், கண் கலங்குவார்கள், குலத்தின் கட்டம்போட்ட துணியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கோட்டை வாசலில் படம் எடுத்துக்கொள்வார்கள். குலத்தலைவர் ஹெக்டர் கையில் கோப்பையோடு வந்து, "உங்க முன்னோர்கள் இங்கிருந்து கடல் தாண்டிப் போனாங்க, இன்னைக்கு நீங்க வீடு திரும்பியிருக்கீங்க" என்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். போனார்களாம். மார்சலி ஒவ்வொரு வருடமும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பேச்சைக் கேட்பாள். ஆட்டு மந்தைக்கு நிலம் வேண்டுமென்று அந்த ஹெக்டரின் பாட்டனுக்குப் பாட்டன்தான் பள்ளத்தாக்கையே காலி செய்தான். கூரைகளுக்கு நெருப்பு வைத்து, சனங்களைக் கப்பலில் திணித்து அனுப்பினான்.

ஆக்கரன் என்ற ஊரில் அன்னா என்ற கிழவி ஒருத்தி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பள்ளத்தாக்கில் யாருடைய வம்சத்தையும் வேர்வரை சொல்லத் தெரிந்தவள் அவள்தான். அவளை யாரும் வெளியே தூக்கவில்லை. அவளோடு சேர்த்தே வீடு எரிந்தது. எரித்தவன் வெளியூரான் இல்லை. அதே ஊரின் கறுப்பு யூவன். தலைவன் கண்காட்டினான், இவன் தீவட்டியைத் தூக்கினான், கூலியாகக் கனடாவில் நல்ல நிலம் கிடைத்தது. கிழவியின் பேத்தி மூரியல் மட்டும் எப்படியோ தப்பி மலைக்கு அந்தப் பக்கம் வளர்ந்தாள் என்றும், அந்த மூரியலின் வழியில்தான் தாங்கள் என்றும் மார்சலியின் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். எரிக்கப்பட்டவளின் ரத்தம் நாம். மார்சலி அந்தச் சொல்லைத் தின்றுதான் வளர்ந்தாள். யூவன் வழியில் வந்த ஒருவனை, ஒரே ஒருவனையாவது, அந்தக் கிழவி வீட்டு வாசற்கல்லில் நிறுத்தி முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலைக்கே வந்தாள்.

டூகல் ஜூனில் வந்தார். குலக்கூடலில் கடல் கடந்த கிளைகளுக்கெல்லாம் மூத்தவர் என்று அவருக்கு மாலை மரியாதை செய்ய ஹெக்டர் ஏற்பாடு செய்திருந்தார். அதற்கு முந்தின நாள் பிற்பகல் மார்சலி அவரை ஆக்கரனுக்குக் கூட்டிப் போனாள்.

மலையடியில் அவள் தம்பி நீல் வேலி கட்டிக்கொண்டிருந்தான். ஆடு வளர்ப்பவன்.

"அக்கா, இன்னைக்கு வேணாமே," என்றான் கம்பியை முறுக்கிக்கொண்டே. "பனி இறங்குது."

"பனிக்கு நாள் பாத்தா இந்த ஊர்ல ஒரு வேலை நடக்காது."

"அது மட்டும் இல்ல." குரலைத் தாழ்த்தினான். "ஒரு வாரமா ஆடெல்லாம் அந்தக் கடைசி வீட்டையே பாத்துக்கிட்டு நிக்குது. மேய மாட்டேங்குது. நாய் அந்தப் பக்கம் வரவே மாட்டேங்குது. நேத்து நான் சுவத்துல கை வச்சேன். ரொட்டி சுட்ட அடுப்பு மாதிரி இருந்துச்சு."

"வெயில்ல காஞ்சிருக்கும்."

"எந்த வெயில்?" என்றான் நீல்.

பாதை மேலே ஏறியது. ஈரக் கரி மண்ணின் புளிப்பும், காலில் மிதிபட்ட புதர் இலையின் காரமும், ஆட்டு ரோமத்தின் வீச்சமும் கலந்த அந்தக் காற்றை மார்சலி பிறந்ததிலிருந்து சுவாசித்து வந்தாள்; இன்று அதற்கு அடியில் வேறொன்று, பழைய வைக்கோலைத் தணலில் போட்டால் எழுமே, அந்தத் தித்திப்பான புகை, வருவதும் போவதுமாக இருந்தது. எங்கும் புகை இல்லை. பனிதான் கடல் பக்கமிருந்து பள்ளத்தாக்கில் மெதுவாக ஊர்ந்து ஏறி, கீழே இருந்த நீலையும் அவன் வேலியையும் மூடிக்கொண்டிருந்தது.

டூகல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இது அரசாங்கம் மாத்திக் கொடுத்த இடுப்பு. சொந்த இடுப்பா இருந்தா ஓடியே ஏறியிருப்பேன்." சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார். "எம் பேரப்புள்ளைங்க கொடுத்துவிட்டது. எடுத்துக்குங்க தங்கச்சி."

அவள் வாங்கவில்லை. தங்கச்சியாம். எந்த உரிமையில்? அவர் நல்லவராக இருந்தது அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. கறுப்பு யூவனின் சாயலில் ஒரு கடுகடுத்த முகத்தைத்தான் இத்தனை வருடமும் மனதில் வைத்து ஏசியிருந்தாள். இந்த மனிதருக்குக் காது பெரிது, கண் ஈரம், பூனைக்கு யார் சோறு வைப்பார்கள் என்ற கவலை.

ஆக்கரன் வந்தது. இடுப்பளவுச் சுவர்கள், கல் குவியல்கள், நடுவில் காஞ்சொறிப் புதர். கடைசி வீடு மட்டும் நாலு சுவரும் நின்று, கூரையும் கதவும் இல்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் காஞ்சொறி இலைகள் ஓரம் சுருண்டு பழுப்பாகக் கிடந்தன. ஆட்டுச் சத்தம் இல்லை. பறவை இல்லை. பனி வந்து சூழ்ந்தபின் தங்கள் மூச்சுதான் கேட்டது.

"அந்த வாசக்கல்லு மேல நில்லுங்க," என்றாள் மார்சலி. "ஃபோன்ல சொன்னீங்களே, அதைத் திரும்பச் சொல்லுங்க."

அவர் தொப்பியைக் கழற்றினார். கோயிலில் நிற்பவர்போல் நின்று சொன்னார். ஆங்கஸ், மர்டோ, லாக்லன், ஆர்ச்சி. "ஆர்ச்சி, கறுப்பு யூவன் மகன்." பெருமையோடு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த யூவன் தீவட்டியோட வந்து நின்ன கல்லு அது," என்றாள். எத்தனையோ வருடம் பேசிப் பார்த்த பேச்சு. "உள்ள எழுந்திரிக்க முடியாத கிழவி ஒருத்தி கிடந்தா. அவ கத்தினது ஆத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சாம். உங்க யூவனுக்கு மட்டும் கேக்கல. அந்தக் கூலியிலதான் உங்க குடும்பம் நிலம் வாங்கிச்சு, சோறு தின்னுச்சு, புள்ள பெத்துச்சு. நாளைக்கு உங்களுக்கு மால போடுறாங்க. போட்டுக்குங்க. எந்தக் கழுத்துன்னு தெரிஞ்சு போட்டுக்குங்க."

டூகல் அசையவில்லை. தொப்பி மட்டும் கையில் கசங்கியது. மறுப்பார், கோபப்படுவார், அது என் தப்பா என்பார் என்று காத்திருந்தாள். அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தாள்.

"அவங்க பேரு என்ன?" என்று கேட்டார்.

"என்ன?"

"அந்தப் பாட்டி பேரு."

"அன்னா."

அவர் வாசலை நோக்கித் திரும்பினார். "அன்னாம்மா," என்றார், அடுத்த அறையில் தூங்குபவரை எழுப்புவதுபோல. "நாங்க செஞ்சதை மன்னிச்சிடுங்கம்மா."

மார்சலிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவுதானா? ஒரு வாக்கியம். தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு வாக்கியம் சொன்னால் தீர்ந்ததா? அவர் கையைப் பிடித்து இழுக்க ஓரடி வைத்தாள்.

"யூவனுக்கு ஒரு மக," என்றது குரல்.

உள்ளேயிருந்து.

அதே குரல். அதே பொறுமை. மார்சலி வாசலுக்குள் பார்த்தாள். பனி தெரிய வேண்டிய இடத்தில் இருட்டு இருந்தது. வீட்டுக்குள் இருக்கும் இருட்டு. மேலே கூரை இருந்தால் மட்டும் இருக்கக்கூடிய இருட்டு.

"உள்ள யாரோ இருக்காங்க," என்றார் டூகல். அவர் முகத்தில் பயமே இல்லை. "தங்கச்சி, யாரோ படுத்திருக்காங்க."

"போகாதீங்க."

"அவங்களால எழுந்திரிக்க முடியலை போல." குனிந்தார், தலை இடிக்காமல் இருக்கக் குனிந்தார், இல்லாத நிலைப்படிக்குக் குனிந்தார். "இருங்கம்மா. இதோ வந்துட்டேன். தூக்கறேன்."

இருட்டு அவரை வாங்கிக்கொண்டது. மார்சலி காஞ்சொறிக்குள் நின்றாள்.

"யூவனுக்கு ஒரு மக," என்றது குரல் மறுபடி. "அப்பன் செஞ்சதைப் பாத்துட்டுக் கப்பலேற மாட்டேன்னு மலைக்கு ஓடினவ. மூரியல்."

"இல்லை," என்றாள் மார்சலி.

"மூரியல் மகன் நார்மன்."

"பொய். மூரியல் உம் பேத்தி. உம் பேத்தி அவ."

"எனக்குப் பேத்தி கிடையாது கண்ணு," என்றது குரல் வருத்தமாக. "நார்மன் மகன் டொனால்ட்."

தாத்தா. தாத்தாவின் பெயர். புகை நாற்றம் இப்போது வரவும் இல்லை, போகவும் இல்லை, நின்றது.

"டொனால்ட் மக கேட்ரியோனா."

அம்மா. சொல்லிச் சொல்லி வளர்த்த அம்மா.

"நிறுத்து," என்று கத்தினாள். யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. அம்மா மேலா. யூவன் மேலா. செத்தும் வாயை மூடாத இந்தக் கிழவி மேலா. கிழவி மேல்தான். அவள் மேல்தான். "வாய மூடு. போதும். வாய மூடு."

"கேட்ரியோனா மக மார்சலி."

அவள் பெயர் அந்த வாயிலிருந்து வந்தபோது விரல் நுனிகள் சுட்டன. உள்ளே டூகல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், ஆறுதலாக. எதையோ தூக்கும் முனகல். அதற்கு மேல் குரல் மூச்சு இழுத்தது. அடுத்த பெயருக்காக இழுத்த மூச்சு.

அடுத்தது யார் என்று மார்சலிக்குத் தெரியும். இன்வர்னெஸ் நகரில் நிறைமாதமாக இருக்கும் மகள் ஐலா.

"மார்சலி மக—"

கை நீண்டது. கைக்குப் பலகை தட்டுப்பட்டது. அவள் அதை இழுத்துச் சாத்தினாள்.

கதவு. கனமான, கரடுமுரடான கதவு. வெளிப்பக்கம் குறுக்குக் கட்டையும் இருந்தது. அதைத் தள்ளினாள். முதுகைக் கொடுத்து அழுத்தினாள்.

குரல் நின்றது.

"தங்கச்சி?" என்றார் டூகல் உள்ளேயிருந்து. கோபமில்லாமல். "கதவு சாத்திக்கிச்சு. இவங்களைத் தூக்கிட்டேன். கதவைக் கொஞ்சம் திறங்க."

திறக்க வேண்டும். திறந்துவிட வேண்டும். கை கட்டையின் மேல் இருந்தது. கை அசையவில்லை. கையை அவள் அசைக்கவில்லை.

"தங்கச்சி. சூடா இருக்கு."

பிறகு அவர் கத்தினார். பனிக்குக் கீழே, எங்கோ வெகு தூரத்தில், நீலின் நாய் ஊளையிடத் தொடங்கியது. மார்சலி கண்ணை மூடிக்கொண்டாள். பலகை இடுக்குகளில் வெளிச்சம் மினுங்கியது. மூடிய இமைக்குள் சிவப்பாகத் தெரிந்தது. முதுகு சுட்டது. அவள் இன்னும் அழுத்தினாள்.

கத்தல் ஓய்ந்தது. குரல் ஓயவில்லை.

"மார்சலி மக ஐலா," என்றது, பலகைக்கு அந்தப் பக்கம், அவள் காதுக்கு நேராக. "ஐலா மகன் ரனால்ட்." இன்னும் பிறக்காதவன். யாரும் இன்னும் பெயர் வைக்காதவன். "ரனால்ட் மக இஷபெல். இஷபெல் மகன்..."

ஒவ்வொரு பெயருக்குப் பின்னும், ஓட்டுநர் டூகலின் கரகரத்த குரல் அதைத் திரும்பச் சொன்னது, பாடம் கேட்கும் பிள்ளைபோல, தப்பில்லாமல்.

மேலே, கூரை தீப்பிடித்துக்கொண்டது.