மீவன பறித்தது யார்?

வத்தேகமத்துக்கு மேலே, ஓடைப் பாறையில் நிரோஷா தலை உடைந்து கிடந்தாள். பக்கத்தில் ஒரு சொப்பின் பை, அதற்குள் நசுங்கிய இலைகள். மீவனக் கீரை பறிக்கப் போய் வழுக்கி விழுந்தாள் என்றான் புருஷன் அஜந்தன். பொலிஸும் நம்பியது. இலைகள் அழுகுகின்றன என்று கொட்டிவிட்டுப் பையை மட்டும் வைத்துக்கொண்டது.

தங்கை தர்ஷிகாவுக்கு மனசு ஆறவில்லை. அஜந்தனை விட்டுவிட்டு, வருகிற ஞாயிறு குழந்தையோடு குண்டசாலைக்கு, தன்னிடமே வந்துவிடுவதாக அக்கா சொல்லியிருந்தாள். இப்போது, அடக்கம் முடிந்ததுமே பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டுபோகப் போகிறானாம் அஜந்தன்.

பன்னங்களை, அதாவது பூக்காத பெரணிச் செடிகளை, வகைப்படுத்துவதுதான் தர்ஷிகாவின் படிப்பு. மீவனவும் ஒரு பன்னம்தான். ஓடைக்கரையிலும் அக்கா வீட்டைச் சுற்றியும் முளைத்திருந்த பன்னங்களில் வகைக்கு ஓர் இலை கிள்ளிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் மக்கீனிடம் கெஞ்சி, பையின் அடியில் ஒட்டியிருந்த பழுப்புத் தூளில் ஒரு சிட்டிகை வாங்கினாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நுணுக்குக்காட்டியில் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தவள், நேரே மக்கீனிடம் ஓடினாள்.

பிற்பகல் மூன்று மணி. மழை விட்டபாடில்லை. மக்கீனோடு அவள் வந்தபோது, இழவு வீட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான் அஜந்தன்.

"அத்தான், அக்கா பறிச்சதை நீங்க பார்த்தீங்களா?"

"கரையிலதான் நின்னேன். என் கண்ணு முன்னாலதான் பறிச்சா."

"வேற எங்கயும் பறிக்கலையே?"

"ஓடையில மட்டும்தான். எத்தனை தடவை கேப்ப?"

தர்ஷிகா மக்கீன் பக்கம் திரும்பினாள்.

"சேர், பன்னத்துக்கு விதை இல்ல, இலைக்கு அடியில தூளா வித்திதான். மீவன வித்தி அவரை விதை மாதிரி இருக்கும். ஒரே ஒரு கோடு. பையில இருந்தது முக்கோணம், நடுவுல மூணு கோடு. அது வீட்டுக்குப் பின்னால கல்லுக்கட்டுல மொளைக்கிற பன்னம். ஓடையில அது இல்ல."

"தெரியாம அதைப் பறிச்சிருப்பாங்க, தங்கச்சி."

"சமைக்கிறவ சுருண்ட குருத்தைத்தான் கிள்ளுவா. குருத்துல வித்தியே இருக்காது. தூள் கொட்டுறது முத்தின இலை, அதை யாரும் சட்டியில போடமாட்டாங்க. அக்காவைக் கொன்னு ஓடையில போட்டுட்டு, கைக்குக் கெடைச்சதைப் பையில திணிச்சது இவர்தான்."

மக்கீன் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். கல்லுக்கட்டில் பாதிப் பன்னங்கள் மொட்டைத் தண்டாக நின்றன. திரும்பி வந்து அஜந்தனின் தோளில் கை வைத்தார்.

"எட்டு வருசமா மீவன சாப்பிட்டிருக்கேன்," என்றான் அவன், தலை நிமிராமல். "தட்டுலதான் பார்த்திருக்கேன்."

அவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது தர்ஷிகாவுக்கு. துப்பவில்லை. உள்ளே போய், நிரோஷாவின் சவப்பெட்டித் தலைமாட்டில் தூங்கிப்போயிருந்த குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள்.