தோட்டத்து அறையில் முழு சிக்னல்

மடிக்கணினியின் மூலையில் சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்திருந்தன. கதவைச் சாத்திவிட்டு மேஜைக்கு வந்தவள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்குப் பதிலாக ஒரு நொடி திகைத்து நின்றாள். இந்த அறைக்குக் குடிவந்த நாளிலிருந்து அங்கே ஒரு கோட்டுக்கு மேல் எழுந்ததே கிடையாது. அந்த ஒன்றும் நமத்துப்போன தீக்குச்சி மாதிரி ஒரு தடவை மினுக்கிவிட்டுச் செத்துப்போகும்.

அண்ணன் வீட்டுத் தோட்டத்தின் கோடியில், பெயிண்ட் டப்பாவும் மண்வெட்டியும் போட்டுவைத்திருந்த அறை அது. தகரக் கூரை, ஒற்றை ஜன்னல், எத்தனை முறை கழுவினாலும் ஈர மண் வாடை போகாத சுவர்கள். புருஷனை விட்டுப் பிரிந்து வந்தவளுக்கு அண்ணன் அதை ஒழித்துக் கொடுத்திருந்தான். ஏழு வயது மகள் இன்னும் அப்பாவோடு வேறு ஊரில் இருந்தாள். அம்மா தினமும் மாலை ஆறு மணிக்கு வீடியோவில் குழந்தையோடு பேசலாம், குழந்தை வந்தால் தங்கப்போகிற அறையிலிருந்தே பேச வேண்டும், தவறாமல் பேசுகிறாளா என்று பார்த்துத்தான் குழந்தை யாரிடம் என்று முடிவாகும் என்பது கோர்ட் உத்தரவு.

பேசத்தானே முடியவில்லை! வீட்டு ஹாலில் இருந்த மோடத்தின் சிக்னல் தோட்டத்தைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. செல்போன் டவரும் அந்தத் தகரக் கூரைக்குள் எட்டவில்லை. மகளின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறும். "அம்மா, கேக்குதா? அம்மா?" என்று கேட்டபடியே வாய் திறந்த நிலையில் உறைந்துவிடும். ஜன்னலில் ஏதேதோ கருவி மாட்டிப் பார்த்தாள். மடிக்கணினியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. "நீ பண்ற சர்க்கஸுக்கு டிக்கெட்டே போடலாம்" என்று அண்ணி சிரித்தாள். சிரித்த கையோடு கேபிள்காரருக்குப் போன் போட்டதும் அவள்தான்.

கேபிள்காரர் வந்து தோட்டத்து மண்ணுக்கு அடியில் விரல் தடிமனுக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் பதித்தார். அதன் ஒரு வாய் வீட்டுச் சுவரில், இன்னொன்று இவளுடைய மேஜைக்குக் கீழே தரையோரத்தில். சுவரில் ஒரு புதுப் பெட்டியையும் மாட்டினார். குழாய்க்குள் வயர் விடுவதை மறுநாளைக்கு வைத்துக்கொண்டார்.

"இதோட வைஃபைக்கு வேற பேர் வச்சுடவா மேடம்?" என்று கேட்டார்.

"வேண்டாங்க. வீட்டுல இருக்கிற பேரும் பாஸ்வேர்டுமே இருக்கட்டும். தானா மாறிக்கும்ல?"

எல்லாரும் செய்கிற சோம்பேறித்தனம்தான். ஆனால் தான் எந்தப் பெட்டியோடு சேர்ந்திருக்கிறோம் என்று பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழியை அவளே அடைத்துவிட்டாள். மறுநாள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலையை முடித்துக்கொண்டு வந்தபோதுதான் இந்த நிறைந்த கோடுகள். பகலில் வந்து மிச்ச வேலையையும் முடித்துவிட்டுப் போயிருக்கிறார், நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். வேறென்ன நினைப்பாள்?

மகள் திரையில் வந்தாள். சிதறவில்லை, உறையவில்லை. கன்னத்து மச்சம்வரைக்கும் தெளிவு. முதுகுக்குப் பின்னால் மட்டும் ஒரே இருட்டு.

"குட்டிம்மா! லைட்டைப் போட்டுக்கோடா."

"வேண்டாம்மா. நீ பேசு."

குரல் கொஞ்சம் தட்டையாக இருந்தது. சளி பிடித்திருக்கும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க ஆறு மணிக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். குட்டிம்மா பள்ளிக்கூடம் பற்றியோ அப்பா பற்றியோ எதுவும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். "நான் எப்படிம்மா சிரிப்பேன்?" "தூக்கத்துல என்ன உளறுவேன்?" "கோவம் வந்தா எப்படிக் கத்துவேன்?" பிரிந்திருக்கிற பிள்ளைக்கு அம்மாவுடைய ஞாபகத்தில் தான் எப்படி இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா? அவள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அணை உடைந்த மாதிரி வந்தது. மூக்கைச் சுருக்கிச் சிரித்துக் காட்டினாள், கொஞ்சிக் காட்டினாள், அழுதும் காட்டினாள். மறுநாள் மகள் அதை அப்படியே திருப்பிச் செய்வாள். ஒவ்வொரு நாளும் அந்தக் குரலில் சளி குறைந்து, குறைந்து, வார முடிவில் அது அச்சு அசல் குட்டிம்மாவின் குரலாகவே ஆகிவிட்டது.

சனிக்கிழமை கோர்ட்டின் குழந்தை நல ஆலோசகரும் ஆறு மணி அழைப்பில் சேர்ந்து பார்ப்பதாக இருந்தது. வானம் மூடிக்கொண்டு சாயங்காலமே இருட்டிவிட்டது. தலை வாரி, அறையைப் பெருக்கி, கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் கேபிள்காரர் வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்கங்க மேடம். காய்ச்சல்ல படுத்துட்டேன். ஒரு வாரமா உங்களை இழுத்தடிச்சுட்டேன்."

"எதுக்குங்க மன்னிப்பு? அதான் முடிச்சுக் குடுத்துட்டீங்களே. கண்ணாடி மாதிரி வருது."

அவர் இவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். குனிந்து மேஜைக்குக் கீழே டார்ச் அடித்தார். குழாயின் வாய் காலியாக, கறுப்பாக, வட்டமாக இருந்தது. "உள்ள இன்னும் வயரே விடலையே மேடம். இந்தப் பெட்டிக்கு எதுவும் வராது. வீட்டு சிக்னலும் இங்க எட்டாது. எப்படி வரும்?"

அதற்குள் அண்ணன் போனோடு ஓடிவந்தான். "வக்கீல் லைன்ல இருக்கார். உடனே வா." அவனுக்குப் பின்னாலேயே வீட்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார் வக்கீல். "ஒரு வாரமா அம்மா கூப்பிடவே இல்லன்னு அந்தப் பக்கம் எழுதிக் குடுத்திருக்காங்க."

"தினமும் பேசினேன் சார்! என் பொண்ணு மேல சத்தியம்!"

"அங்க ஒரு கால்கூட வரலைங்கறாங்க. குழந்தை தினமும் ஆறு மணிக்குத் திரை முன்னாடி உக்காந்து காத்துட்டே இருந்துச்சாம். அதோட அதுக்கு நாளுக்கு நாள் குரல் கம்மிட்டே வருதாம். தொண்டையில ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்றார். இன்னைக்கும் நீங்க வரலன்னா குழந்தையை மறந்துடுங்க. அவ்வளவுதான்."

அப்படியென்றால் இத்தனை நாளும் நான் யாரிடம் பேசினேன்? யாருக்கு என் பிள்ளையின் சிரிப்பைச் சொல்லிக்கொடுத்தேன்? அண்ணி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அழறதை அப்புறம் அழுதுக்கலாம். முதல்ல அந்த வயரைப் போடச் சொல்லு. நேரமில்ல!"

கேபிள்காரர் வீட்டுச் சுவர் பக்கம் போய் வயரைக் குழாய்க்குள் செலுத்த ஆரம்பித்தார். நுனி வெளியே வந்ததும் குரல் கொடுக்க வேண்டியது இவள் வேலை. மேஜைக்குக் கீழே முழங்காலிட்டு உட்கார்ந்தாள். தகரக் கூரையில் முதல் தூறல் விழுந்தது. ஈர மண் வாடை இதுவரை இல்லாத அளவுக்கு முகத்தில் அடித்தது. குழாய்க்குள்ளிருந்து வயர் உரசி வரும் சத்தம், மெல்ல, கிட்டே, இன்னும் கிட்டே. பிறகு நின்றுவிட்டது.

தலைக்கு மேல் மடிக்கணினி ஒலித்தது. அவள் தொடவில்லை. அதுவாகவே எடுத்துக்கொண்டது.

"அம்மா. அவரைத் தள்ள வேண்டாம்னு சொல்லு."

எழுந்து பார்த்தாள். குட்டிம்மா. பின்னால் அதே இருட்டு. இப்போதுதான் கவனித்தாள், அது அறையின் இருட்டு இல்லை. நாலு பக்கமும் மண்.

"மேடம்!" வெளியே கேபிள்காரர் கத்தினார். "நடுவுல ஏதோ அடைச்சிருக்கு. பலமாத் தள்ளவா?"

"குத்துதும்மா" என்றது திரையில் இருந்தது. மூக்கைச் சுருக்கி அழுதது. அவள் சொல்லிக்கொடுத்த அழுகை. "வலிக்குதும்மா. நீ என் அம்மாதானே?"

இது இல்லை. இது என் பிள்ளை இல்லை. தெரியும். ஆனால் பெற்ற வயிறு, அதற்கு என்ன தெரியும்? மணி ஆறாகப் போகிறது. அங்கே என் பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறாள்.

"தள்ளுங்க!"

அலறல். குட்டிம்மாவின் அலறல். காதைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் கேட்டது.

"தள்ளுங்க! நிறுத்தாதீங்க!"

திரை அணைந்தது. மேஜைக்குக் கீழே வயரின் நுனி எட்டிப் பார்த்தது. ஈரமாக இருந்தது. தொட்டாள், வெதுவெதுப்பாக இருந்தது. கேபிள்காரர் ஓடிவந்து, ஒன்றும் கேட்காமல், துணியால் துடைத்துப் பெட்டியில் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. "ஆச்சு மேடம்" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமலே வெளியேறினார்.

மகளை அழைத்தாள். உடனே இணைந்தது. ஒரு கட்டத்தில் கண்ணாடி போட்ட ஆலோசகர். இன்னொன்றில் ட்யூப்லைட் வெளிச்சம், அலமாரி, பள்ளிக்கூடப் பை, பக்கத்தில் அவள் புருஷன், நடுவே குட்டிம்மா. நிஜமான குட்டிம்மா. இளைத்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகம் முழுக்க மலர்ந்தது.

"கண்ணு! அம்மாடா! அம்மா வந்துட்டேன்டா!"

குழந்தை வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

"மைக் ஆன்ல இருக்கா, பாருங்க" என்றார் ஆலோசகர்.

"ஆன்லதான் இருக்கு மேடம்" என்றான் புருஷன். அவன் பேச்சு தெளிவாகக் கேட்டது. குழந்தையின் தோளைப் பிடித்து அசைத்தான். "பேசுடா. அம்மாகிட்ட பேசு. என்னாச்சு?"

குழந்தை மறுபடி வாயைத் திறந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டது. கண்கள் பெரிதாகின. உதடுகள் கூப்பிட்டன.

கீழேயிருந்து கேட்டது.

மேஜைக்குக் கீழே. தரையோரம். குழாய்க்குள்.

"அம்மா... இங்க இருட்டா இருக்கும்மா."

ஒரு துளி கலப்படமில்லாத குரல். திரையில் குழந்தையின் உதடுகள் அதே சொற்களை, அதே நேரத்தில், சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தன.

"என்னம்மா, எங்க போறீங்க? திரைக்கு முன்னாடி வாங்க" என்று ஆலோசகர் கூப்பிட்டார்.

அவள் முழங்காலிட்டிருந்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்க, வயரைக் குழாயிலிருந்து பிடுங்கி எறிந்தாள். "இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்டா" என்று குழாயின் வாய்க்குள் சுட்டுவிரலைச் செருகினாள். அடிவரைக்கும். மண் குளிர்ந்தது.

உள்ளே, குழந்தைக் கை ஒன்று அந்த விரலை இறுகப் பற்றிக்கொண்டது. மெதுவாக இழுக்க ஆரம்பித்தது.