வெறும் மண் தொட்டி

"என் வீட்டுக்காரர் வெச்ச கொடியைச் சாகடிச்சவ கையால எனக்குக் காப்பி ஒரு கேடா?" என்று கேட்டுக்கொண்டே டம்ளரை வாங்கிக்கொண்டாள் மாமியார்.

மாமனார் போய் நான்கு மாதம். அவர் மாடிக் கம்பியில் படரவிட்டிருந்த காட்டுக்கொடியும் அந்த வாரமே போய்விட்டது. பழி மட்டும் தினமும் புதிதாகத் துளிர்த்தது. மருமகள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"கிளம்பு! அதே கொடி இன்னைக்கே வந்தாகணும்!"

அந்தக் கொடி கிடைக்கும் ஒரே இடமான ஊர்க்கோடி நாட்டுச்செடிப் பண்ணையில் மாமியார் திகைத்து நின்றாள். வரிசையாகத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் கொடியின் பெயர் எழுதிய சீட்டு. உள்ளே வெறும் மண்!

"என்னம்மா... மண்ணையா விக்கறீங்க?"

பண்ணைக்காரி சிரித்தாள். "கொடி உள்ளே தூங்குதும்மா. வெயில் காலத்துல மேல காய்ஞ்சுடும், கிழங்கு அடியில உயிரோட இருக்கும். மழைக்கு முளைக்கும். தெரியாதவங்க தூக்கி எறிஞ்சுடறாங்க. இதோ, இவங்க மாமியார்கூட துக்கத்துல ஏதோ நினைப்பா குப்பையில கொட்டிட்டாங்களாம். பாவம், இவங்கதான் கிழங்கைப் பொறுக்கிட்டு வந்து இங்க ஒரு தொட்டியில நட்டாங்க. வாரம் தவறாம வந்து பார்க்கறாங்க."

மருமகள் கண் ஜாடை காட்டுவதற்குள் எல்லாம் கொட்டிவிட்டது.

"மாமியாரா... எந்த மாமியார்?" மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நானா? மாடியைப் பெருக்கினேன்... ஒரு தொட்டி கனமா இருந்துச்சு... அதுல ஒண்ணுமே இல்லையே! ஐயோ... நானேவா?"

"அத்தை, விடுங்க..."

"ஏண்டி சொல்லலை? நாலு மாசமா உன்னை என்னென்ன பேசினேன்!"

"மாமா வெச்சதை நீங்களே கொட்டினீங்கன்னு தெரிஞ்சா தாங்குவீங்களா?" மருமகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கப்புறம் படுத்த படுக்கையா கிடந்தீங்க அத்தை. என்னைத் திட்டறதுக்காகவாவது காலையில எழுந்திரிச்சீங்களே..."

மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு, பண்ணையே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

திரும்பும்போது ஆட்டோவில், கிழங்கு நட்ட அந்தத் தொட்டியை மாமியார் மருமகள் பக்கம் நகர்த்தினாள். "நீயே பிடிச்சுக்கோ. என் கையை நம்பாதே."

மருமகள் அதை எடுத்து மாமியார் மடியிலேயே வைத்தாள்.

மாமியார் மண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் கண்ணில் படவில்லை.

"உள்ளே இருக்குதானே?"

"இருக்கு அத்தை."

ஒரு தெரு கடந்ததும் மறுபடி கேட்டாள். "நிஜமா இருக்குதானே?"

"இருக்கு அத்தை... கெட்டியா பிடிச்சுக்குங்க."