எட்டாம் படியில் இருசம்மாள்

கலையரசியின் பள்ளியில் கணக்குப் பாடவேளை வந்தால் வகுப்புகள் எல்லாம் கலைந்துவிடும். மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு என்ற பேச்சே இருக்காது. மொத்தம் இருபது படிகள். யாருக்கு எந்தப் படியோ, அவர்கள் அந்தப் படிக்கான பாயில் உட்கார வேண்டும்.

கோகிலவாணி டீச்சர் பத்துக் கணக்குகள் கொடுப்பார். பத்தும் சரியென்றால் உடனே அடுத்த பாய்க்குப் போகலாம். ஒன்பது சரியென்றால் நாளைக்கு வேறு பத்து. உனக்கு எத்தனை வயது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கலையரசிக்கு எட்டு வயது, எட்டாம் படி. இரண்டும் பொருந்தி வந்ததில் அவளுக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையில் மூன்று வாரமாக அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பாய்க்குத்தான் இருசம்மாள் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பதினொரு வயது. அப்பா அம்மாவோடு குடகுக்கு மிளகு பறிக்கப் போய், ஐந்து மாதம் கழித்துத் திரும்பியிருந்தாள். சீருடை சின்னதாகிவிட்டதால், சுடிதார் போட்டுத் துப்பட்டாவைக் குத்திக்கொண்டு வந்திருந்தாள்.

அவள் பாயருகே வந்ததும், பொடியன் சரத்குமார் துள்ளி எழுந்து, "வணக்கம் டீச்சர்" என்றான். அவனைப் பார்த்து மற்ற ஆறு பேரும் எழுந்து, ராகம் போட்டு வணக்கம் சொன்னார்கள்.

இருசம்மாளின் முகம் சுருங்கிப்போனது. குனிந்தபடி உட்கார்ந்தவள், மணி அடிக்கும்வரை நிமிரவே இல்லை. எட்டாம் படி என்றால் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு. ஐந்தை அடித்து நான்காக்கி, பக்கத்து எண்ணின் தலைக்கு மேல் குட்டியாக ஒன்று போட்டு... அவள் சிலேட்டில் ஒன்றுமே எழுதவில்லை.

அடுத்த இரண்டு நாளும் கணக்குப் பாடவேளையில் அவளைக் காணோம். மூன்றாம் நாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கலையரசி அவளைக் கண்டுபிடித்தாள்.

"வாக்கா, டீச்சர் தேடறாங்க."

"நான் வரல பாப்பா. பொடுசுங்ககூட குந்திக்கினு இருக்கறதுக்கு குடகுக்கே போலாம். செவ்வாக்கெழம லாரி வருது. நானும் போறேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

அவளை அத்தை வீட்டில் விட்டுப் படிக்க வைக்கத்தான் அவள் அப்பா இருசப்பனுக்கு ஆசை. இவள்தான் பிடிவாதமாகக் கிளம்புகிறாளாம். கலையரசி கணக்குப் போட்டுப் பார்த்தாள். குடகுக்குப் போனால் மறுபடி ஐந்து மாதம். திரும்பி வரும்போது இருசம்மாள் இன்னும் வளர்ந்திருப்பாள். எட்டாம் படி மட்டும் அதே இடத்தில் இருக்கும்.

சனிக்கிழமை, கலையரசியை அம்மா ஷேக் மைதீன் பாய் கடைக்குச் சீரகம் வாங்க அனுப்பினார். மலையில் உலுக்கிய புளியை எடை போட்டு வாங்குகிற கடை அது. அங்கே இருசப்பன் மூட்டையோடு நின்றார், பக்கத்தில் இருசம்மாள்.

தராசு முப்பத்தொரு கிலோ இருநூறு கிராம் காட்டியது. இரட்டைச் சாக்கின் எடை எண்ணூறு கிராம். அதைக் கழிக்க வேண்டும். பாய் கால்குலேட்டரைத் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தார்.

"முப்பது கிலோ நானூறு" என்றாள் இருசம்மாள்.

பாய் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. குடகிலும் தராசுப் பக்கத்தில் இவளைத்தான் நிறுத்தி வைப்பேன் என்று இருசப்பன் சிரித்தார்.

கலையரசி சீரகத்தை மறந்துவிட்டாள். இருசம்மாளின் துப்பட்டாவைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

"எப்படிக்கா போட்ட?"

"இதுல இன்னா இருக்குது? இருநூறுல எண்ணூறு போவாது. முப்பத்தொரு கிலோவுல ஒரு கிலோவப் பிரிச்சா ஆயிரம் கிராம். இருநூறயும் சேத்துக்கினா ஆயிரத்து இருநூறு. எண்ணூறு போச்சுன்னா நானூறு. அவ்ளோதான்."

"அக்கா, இதான்க்கா எட்டாம் படி!"

இருசம்மாள் நம்பவில்லை. கலையரசி ஒரு குச்சியை எடுத்து மண்ணில் 52 என்று எழுதி, அதன் கீழே 37 எழுதினாள். அஞ்சு மூட்டை, மூட்டைக்குப் பத்துக் கிலோ, உதிரி ரெண்டு கிலோ. அதில் முப்பத்தேழு கிலோவை எடுத்துக் கொடு என்றாள்.

இருசம்மாள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். உதிரி இரண்டுதான் இருக்கிறது, ஏழு போகாது. ஒரு மூட்டையைப் பிரித்தால் பன்னிரண்டு. ஏழு போக ஐந்து. மிச்சம் நான்கு மூட்டை. மூன்று போக ஒன்று. பதினைந்து என்றாள். பிறகு அந்த எண்களையே கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள்.

"இதுக்கா அத்தினி கோடு போட்டு அடிச்சிக்கினு இருக்கீங்க?"

"திங்கக்கிழமை ஒரே ஒரு மணி நேரம் வாக்கா. அப்புறமா உன் இஷ்டம்."

சீரகம் இல்லாமல் வீட்டுக்குப் போனதற்கு அம்மாவிடம் கிடைத்த திட்டு தனிக் கதை.

திங்கட்கிழமை இருசம்மாள் வந்தாள். கலையரசியும் அவளும் அருகருகே உட்கார்ந்து தலைக்குப் பத்துக் கணக்குப் போட்டார்கள். இருசம்மாள் கலையரசிக்கு முன்பே முடித்துவிட்டாள்.

டீச்சர் அவள் நோட்டைப் பார்த்தார். பத்தும் சரி. ஆனால் ஓர் அடித்தல் இல்லை, குட்டி ஒன்று இல்லை. விடைகள் மட்டும் வரிசையாக இருந்தன.

"கடன் வாங்கின அடையாளமே காணோமே, இருசம்மா?" என்றார்.

காப்பியடித்ததாக நினைத்துவிடுவாரோ என்று கலையரசி குறுக்கே புகுந்தாள்.

"அவங்க கடன் வாங்கல டீச்சர். மூட்டையப் பிரிக்கிறாங்க. வேற கணக்குக் கொடுத்துப் பாருங்க."

டீச்சர் கரும்பலகையில் 84 எழுதி, 29 எழுதினார். இருசம்மாள் எழுந்து, முதலில் மெதுவாகவும் பிறகு கணீரென்றும், மூட்டையைப் பிரித்துக் காட்டினாள். எட்டாம் படி மொத்தமும் வாயைப் பிளந்து கேட்டது. டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அன்றைக்கே ஒன்பதாம் படிக் கணக்கும் கொடுத்தார். பத்தும் சரி. பத்தாம் படி கிலோவும் கிராமும். டீச்சர் கணக்கை வாசித்து முடிப்பதற்குள் விடை வந்தது. நேராகப் பதினொன்றாம் படிக்குப் போய் உட்காரச் சொன்னார். அந்தப் பாயில் இருந்தவர்கள் எல்லாரும் அவள் உயரம்.

"நம்ம டீச்சர் பாசாயிட்டாங்க" என்று சரத்குமார் கை தட்டினான். இந்த முறை இருசம்மாளும் சிரித்துவிட்டாள்.

கலையரசிக்கு ஒன்பதுதான் சரி. அவளுக்குச் சந்தோஷம் நிறைய, பொறாமை கொஞ்சம். பொறாமை ஏன் வராது? வழி சொன்னவள் அதே பாயிலேயே இருக்க, கேட்டவள் மூன்று படி தாண்டிப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் குடகு லாரி ஊரைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. இருசம்மாள் போக மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லவே இல்லையே. கலையரசி பாதி இட்லியோடு எழுந்து பள்ளிக்கு ஓடினாள்.

பதினொன்றாம் படிப் பாயில் இருசம்மாள் உட்கார்ந்திருந்தாள். கலையரசியைப் பார்த்ததும், தன் பக்கத்தில் ஒருவர் உட்காரும் அளவுக்குத் தள்ளி இடம்விட்டாள்.

"எப்ப வருவ?" என்றாள்.

கலையரசி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். மூன்று படிதான். எட்டாம் படிப் பாயில் உட்கார்ந்து, டீச்சரிடம் வேறு பத்துக் கணக்குக் கேட்டாள்.